மேளம் மட்டும் வரும் இடம்

எழுபதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஸ்பிரிங்வேல் ரயிலில் எனக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவரின் மடியில் புது ரெக்கோட் பிளேயர் ஒன்று பெட்டியோடு இருந்தது. காலையில்தான் நான் என் மகளோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். அதனால் காதை வேறு பக்கம் திருப்ப முடியவில்லை.

"தம்பிக்குப் பாட்டு வேண்டாமாம். பாட்டு நிண்டு மேளம் மட்டும் வாற இடம்தான் வேணுமாம்," என்றார் மனைவி, மகனைப் பற்றி.

"அதுக்கு ஏன் ரெண்டு பிளேயர்?"

"ஒண்டில அந்த இடம் முடியேக்க மற்றதில அதையே திருப்பித் தொடங்கிறதாம். நியூயோர்க்கில சனம் அதுக்குத்தான் ஆடுதாம். அங்க இருந்து வந்த சிநேகிதப் பெடியன் செய்து காட்டினவன்."

"இசைத்தட்டைக் கையால இழுத்தா கீறுப்படாதோ? அதுக்குத்தான் ஏசினனான்."

"ஏசினதோட விட்டிருக்கலாம். வயரையும் எல்லோ பிடுங்கினனீங்கள். அண்டைக்குத் தம்பி அந்தச் சிநேகிதன்ர வீட்டை போனவன், இன்னும் திரும்பி வரேல்லை."

அவர் பெட்டியை மடியில் நேராக்கி வைத்தார்.

"கச்சேரியில மிருதங்கம் தனிய வாசிக்கத் தொடங்கினா நான் தேத்தண்ணிக்கு எழும்பிப் போறனான்."

"தெரியும். நானும் தம்பியும் இருந்து கேக்கிறனாங்கள்."

ரயில் நின்றது. இருவரும் எழுந்தார்கள்.

"அங்க தம்பி கதவைத் திறந்தா என்னத்தைச் சொல்ல?"

"ஒண்டும் சொல்லாதேங்கோ. பெட்டியைக் குடுத்து, போட்டுக் காட்டச் சொல்லுங்கோ. முடியுமட்டும் எழும்பாம இருங்கோ."