சம்பந்தி ஊர்த் தண்ணி

...சரி, புள்ளிவிவரம் போதும். நீங்க கொட்டாவி விடறது மேடையிலேர்ந்து நல்லாவே தெரியுது! மகளிர் குழு ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டுட்டு இப்படித் தூங்கினா எப்படிம்மா? ஒரு குட்டிக் கதை சொல்றேன், கேளுங்க. சிரிக்கிற கதை இல்ல. இப்பவே சொல்லிட்டேன்.

நம்ம தருமபுரிப் பக்கம் ஒரு ஊரு. பேரு வேணாம். அந்த ஊர்ல தமயந்தின்னு ஒரு மருமக. ஏரிக்கு வர்ற ஓடையெல்லாம் அடைபட்டு, ஏரி காஞ்சு, கிணறும் வத்திப்போச்சு. சரின்னு போர் போட்டாங்க. பத்தல. இன்னும் ஆழமா... இன்னும் ஆழமா... பாறைக்கு அடியிலேர்ந்து தண்ணி வந்துச்சு. பாக்க என்னமோ பளிங்குதான். பெரியவங்களுக்கு ஒண்ணும் தெரியல. புதுசா முளைக்கிற பிள்ளைங்க பல்லுல மட்டும் பழுப்புக் கோடு. நாம என்ன சொல்லுவோம்? "மிட்டாய் தின்னே கெடுத்துக்கிச்சு!" பாவம், மிட்டாய் மேல பழி.

பக்கத்து டவுன் காலேஜ்ல அறவாழின்னு ஒரு வாத்தியார். சனி, ஞாயிறுல வகுப்பு நடத்துவாரு. பெஞ்சுல இல்லம்மா, காட்டுல மேட்டுல! மலையில விழுற மழை எந்த ஓடையில இறங்குது, எந்த ஏரிக்குப் போகுது, எவன் எங்க மண்ணப் போட்டு அடைச்சிருக்கான்... நடந்தே காட்டுவாரு. தமயந்தி ஒரு வாரம்கூட விடாமப் போனா. நல்லாவும் கத்துக்கிட்டா.

ஒரு சனிக்கிழமை சார் சொன்னாரு: "நாளைக்கு எல்லாரும் அவங்கவங்க வீட்ல குடிக்கிற தண்ணிய ஒரு பாட்டில்ல கொண்டாங்க. ஒரு ரோஸ் மருந்து விட்டுப் பாப்போம். ரோஸ் கலர்லயே நின்னா நல்ல தண்ணி. மஞ்சளா மாறினா ஃப்ளோரைடுங்கற உப்பு அதிகமா இருக்கு. அது பல்லுல ஆரம்பிச்சு எலும்புல போய் உக்காந்துக்கும்."

தமயந்திக்குப் பக்குனு ஆயிடுச்சு. ஏன்? அவ நாத்தனா கோமளாவுக்கு அப்பத்தான் நிச்சயம் முடிஞ்சிருக்கு. மாப்பிள்ளையோட அண்ணன் நஞ்சப்பன் இருக்காரே... அவரும் அதே வகுப்பு! அவரு கண் முன்னாடி தண்ணி மஞ்சளாச்சுன்னா? "அந்த ஊர்லயா பொண்ணு எடுக்கறீங்க? நாளைக்கு வம்சம் என்னாகும்?" நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்களே!

என்ன பண்ணினா தெரியுமா? பஸ் ஸ்டாண்டு கடையில தண்ணி வாங்கி, வீட்டு பாட்டில்ல ஊத்திக்கிட்டுப் போயிட்டா.

சார் மருந்து விட்டாரு. தமயந்தி ஊரு... ரோஸ். நஞ்சப்பன் ஊரு... அதுவும் ரோஸ். பாக்கி அத்தனையும் மஞ்சள். மஞ்சளான ஊருக்கெல்லாம் வரைபடத்துல சிவப்பு வட்டம் போட்டாரு. "இந்த ஊருங்களுக்கு மொதல்ல ஆத்துத் தண்ணி குடுங்கன்னு கலெக்டரைக் கேப்போம்"னாரு. அப்பவாவது எந்திரிச்சு, "சார், நான் கொண்டாந்தது பொய்யி"ன்னு சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. கல்யாணம் பாருங்க!

கல்யாணம் ஜாம் ஜாம்னு நடந்துச்சு. சிவப்பு வட்டம் போட்ட ஊருக்கெல்லாம் பைப்பு வந்துச்சு. இந்த ரெண்டு ஊருக்கு மட்டும் வரல. தமயந்தி மக இனியா... அஞ்சு வயசுப் பொண்ணு... வளர வளர முழங்கால் ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சு, நடந்தா ஒண்ணோட ஒண்ணு இடிக்குது. டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. "என்ன தண்ணிம்மா குடிக்கறீங்க?"

ஆஸ்பத்திரி வாசல்லயே உக்காந்து அழுதா தமயந்தி. நேரா சார்கிட்ட ஓடி உண்மையச் சொன்னா. அவரு திட்டல. "பைப்பு வேலையே முடிஞ்சுபோச்சேம்மா... திரும்ப எழுதிப் போடறேன். எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது"ன்னாரு.

இதுக்குள்ள கோமளாவுக்கு ஏழாம் மாசம். வளைகாப்புப் போட்டு தாய்வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். தலைப்பிரசவம் தாய்வீட்லதானே? தமயந்தி முன்கூட்டியே கிளம்பி சம்பந்தி வீட்டுக்குப் போயி நஞ்சப்பன்கிட்டச் சொன்னா.

"அண்ணா, கோமளாவ எங்க வீட்டுக்கு அனுப்பாதீங்க."

"ஏன் தங்கச்சி? நாங்க என்ன குறை வெச்சோம்?"

"குறை எங்ககிட்டண்ணா. எங்க தண்ணி நல்ல தண்ணி இல்ல. அன்னிக்கு நான் கொண்டாந்தது கடைத் தண்ணி. உங்க ஊருத் தண்ணி ரோஸா நின்னுச்சே... பிரசவம் இங்கயே ஆகட்டும். ஊரு என்ன வேணா பேசிக்கட்டும்."

நஞ்சப்பன் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

"தங்கச்சி... நானும் கடைத் தண்ணிதாம்மா கொண்டாந்தேன். தெரிஞ்சா என் தம்பிக்குப் பொண்ணு குடுக்கமாட்டீங்களேன்னு..."

வந்த அண்ணிக்குக் குடுக்க சொம்புல தண்ணியோட நிலைப்படியில நிக்கிறா கோமளா. எல்லாத்தையும் கேட்டுட்டா. கத்தல. அழல. ஒரு கைய வயித்துல வெச்சுக்கிட்டுக் கேட்டா:

"அப்ப நான் எங்க அண்ணி போறது?"

...

கோமளாவுக்குப் பிள்ளை பொறந்தாச்சு. பைப்பு இன்னும் வரல.

தமயந்தி கெட்டவளா? இல்ல. படிக்காதவளா? அதுவும் இல்ல. எந்த ஓடை எங்க அடைபட்டிருக்குன்னு வெரல நீட்டிக் காட்டுவா. எல்லாம் கத்துக்கிட்டா, தன் வீட்டுத் தண்ணியப் பத்தி மட்டும் வாயத் தொறக்கல. வீட்டுக் குறைய வெளிய சொல்லாதேன்னுதானே உங்களையும் என்னையும் வளத்தாங்க? டாக்டர்கிட்ட ரத்தம் டெஸ்டுக்குப் போனா பக்கத்து வீட்டுக்காரி ரத்தத்தையா குடுத்துட்டு வருவீங்க? இல்லல்ல? அப்புறம் ஏம்மா இதுல மட்டும் பொய்யி? ஊரு பேரக் காப்பாத்தப் போயி பெத்த பிள்ளை காலக் குடுத்துட்டா. இதுக்குப் பேரு மானமா?

வர்ற சனிக்கிழமை உங்க ஊர்லயும் இந்த வகுப்பு ஆரம்பிக்குது. வாங்க. உங்க வீட்டுக் குழாத் தண்ணியவே கொண்டாங்க. மஞ்சளானா ஆகட்டும். நாலு பேரு பேசினா பேசட்டும். அந்த நாலு பேரும் அதே தண்ணியத்தாம்மா குடிக்கிறாங்க.