துடைத்த இலைகள்

தொடவே இல்லை. உன் அம்மா அந்தச் செடிகளை ஒரு நாளும் விரலால் தொட்டதில்லை.

மன்னியுங்கள். முறைப்படி தொடங்குகிறேன். மேடையில் இருக்கும் துறைத்தலைவர் அவர்களே, இன்று நாம் நினைவுகூரும் எங்கள் அக்காவின் கணவராக முன்வரிசையில் அமர்ந்திருப்பவரே, மகளே, ஆய்வகத் தோழர்களே, கண்ணாடிக் குடிலிலிருந்து கையில் மரப்பட்டைத் தூளோடு நேராக வந்து கடைசியில் நின்றுகொண்டிருக்கும் எங்கள் தோட்டக்கார அண்ணனே, அனைவருக்கும் வணக்கம்.

நேற்று மாலை மகள் வந்து அம்மாவின் மேசையைக் காலி செய்தார். உடைந்த கைப்பிடியோடு ஒரு குடை. மூன்று மூக்குக்கண்ணாடிகள். பென்சில்கள், எல்லாம் விரல் நீளத்துக்குத் தேய்ந்தவை. பெட்டியை மூடும்போது என்னிடம் கேட்டார்: "அக்கா, அம்மா என்ன தப்பு பண்ணாங்க? அந்தக் கட்டுரைய இதழ்லேர்ந்து ஏன் திரும்ப வாங்கினாங்க?"

பெட்டியை ஒட்ட டேப் தேடுவதாகச் சொல்லி வெளியே போய்விட்டேன்.

சற்று முன் தலைவர் பேசினார். "ஒரே ஒரு சறுக்கல் இருந்தாலும் பெரிய மனுஷி" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நீங்களும் தலையசைத்தீர்கள். அந்தச் சறுக்கல் அவருடையது இல்லை. யாருடையது என்று சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

உங்களுக்கு அவர் முதுநிலை ஆய்வாளர், முனைவர். எங்களுக்குப் பதினஞ்சு அக்கா.

ஏன் பதினஞ்சு? வெளியிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வேலை ஆர்க்கிட் செடிகளோடு. தண்ணீர் இல்லை என்றால் நீங்களும் நானும் எழுந்து போய்க் குடிப்போம். வெயில் என்றால் நிழலுக்கு நகர்வோம். செடி எங்கே போகும்? இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, உள்ளே சில மரபணுக்களை எழுப்பும், சிலவற்றை அடக்கும். எது எழுகிறது, எது அடங்குகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. அக்கா சொல்வார்: "ஆர்க்கிட் மாமியார் வீட்டுக்கு வந்த புது மருமக மாதிரிடீ. வெளிய மூஞ்சி மாறாது. உள்ள எல்லாம் ஓடிட்டிருக்கும்."

அதைப் பார்க்க இலையில் பொட்டு அளவுக்கு ஒரு துண்டு வெட்ட வேண்டும். ஆனால் வெட்டுவதும் செடிக்கு ஒரு துன்பம். வெட்டிய கணத்திலிருந்து அது மாறத் தொடங்குகிறது. தாமதித்தால் நாம் அளப்பது வறட்சியை அல்ல, கத்தரிக்கோலை. ஆகவே வெட்டிய துண்டு பதினைந்து நொடிக்குள் திரவ நைட்ரஜன் குடுவைக்குள் விழுந்து உறைந்துவிட வேண்டும். கடிகாரத்தை அக்கா நம்பவில்லை. தானே வெட்டுவார். பக்கத்தில் நிற்பவர் வாய்விட்டு எண்ண வேண்டும். பதினாறு என்று சொல்லிவிட்டால் அந்தத் துண்டு குப்பைக்கு. ஒரு மாதம் வளர்த்த செடியாக இருந்தாலும் குப்பைக்குத்தான்.

தோட்டக்கார அண்ணன் கேலி செய்வார். "டாக்டரம்மா, உங்க வீட்டுல சாப்பாடு தட்டுல விழவும் பதினஞ்சுதானா?"

"அங்க எண்ணறது அவர். பதினஞ்சு நிமிஷம் ஆனாலும் பத்துலயே நிப்பார்."

கணவர் சிரிக்கிறார். இந்தக் கூட்டத்தில் அவர் சிரிப்பது இப்போதுதான்.

இனி கட்டுரை. ஐந்து ஆண்டுகளுக்கு முன். எண்பது செடிகள். நாற்பதுக்குத் தண்ணீர் நிறுத்தினோம். மற்ற நாற்பதும் சுகமாக இருக்க வேண்டியவை. சுகமாக இருப்பவற்றோடு ஒப்பிட்டால்தானே துன்பம் எவ்வளவு என்று தெரியும்? முடிவு வந்தது. ஒரு மரபணு, சுகமான செடிகளில் விழித்திருந்தது, வறண்ட செடிகளில் அடங்கிக் கிடந்தது. வறட்சி அதை அடக்குகிறது என்று எழுதினோம். யாரும் அதுவரை சொல்லாதது. கட்டுரை வெளிவந்தது. பாராட்டுக் கடிதங்கள் வந்தன. பெரிய கண்ணாடிக் குடில் ஒன்று எங்களுக்குக் கிடைக்கும் என்று பேச்சு அடிபட்டது.

பத்து மாதம் கழித்து வேறொரு ஆய்வகத்திலிருந்து பணிவாக ஒரு கடிதம். நீங்கள் செய்தபடியே செய்தும் எங்களுக்கு இந்த முடிவு வரவில்லை. எங்கள் செடிகளில் அந்த மரபணு இரண்டு பக்கமும் தூங்குகிறது. உங்கள் சுகமான செடிகளில் மட்டும் ஏன் விழித்திருக்கிறது?

அக்கா பழைய குறிப்பேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்பது நாள். இதற்கிடையில் தேநீர் அறையில் யாரோ ஆரம்பித்தார்கள். தோட்டக்காரர் தண்ணீர் ஊற்றியதில் கோளாறாம். அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நான் அளந்துதாங்க ஊத்தறேன். பால்காரன்கூட இவ்வளவு அளந்து தண்ணி ஊத்தமாட்டான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

நான் அங்கே இருந்தேன். கோப்பையில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்கிறேன். அந்த ஆண்டு வெளியே சாலை தோண்டிக்கொண்டிருந்தார்கள். குடிலுக்குள் எல்லா இலையிலும் புழுதி. செவ்வாயும் வெள்ளியும் செடிகளைப் படம் எடுப்பது என் வேலை. புழுதியோடு படம் அசிங்கமாக விழுந்தது. ஆகவே படம் எடுக்கும் முன் ஈரத் துணியால் இலைகளைத் துடைத்தேன். ஒவ்வொன்றாக. மேலும் கீழும். வறண்ட செடிகளைத் துடைக்கவில்லை. ஈரம் பட்டுவிடுமே என்று அவ்வளவு கவனமாக இருந்தேன். சுகமான நாற்பதை மட்டும் துடைத்தேன். அரை மணி கழித்து அக்கா வந்து இலை வெட்டினார். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன்.

தடவுவது செடிக்குத் தெரியும். அதை யாரோ தொடுகிறார்கள், அழுத்துகிறார்கள், காற்றோ பூச்சியோ என்று அது உள்ளே எழுந்து உட்காரும். இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நான் படித்திருந்தேன். தேர்வில் எழுதியும் இருந்தேன்.

பதினைந்து நொடிக்கு அவ்வளவு பயந்தோம். அரை மணி முன்னால் நான் அந்தச் செடிகளை எழுப்பிவிட்டிருந்தேன். சுகமான செடிகள் என்று நாங்கள் எழுதியவை சுகமாக இல்லை.

ஒன்பதாம் நாள் அக்கா அதைக் கண்டுபிடித்தார். செவ்வாய், வெள்ளி வெட்டிய இலைகளில் மட்டும் மரபணு விழித்திருந்தது. மற்ற நாட்களில் வெட்டியது கொஞ்சம்தான், அவற்றில் தூங்கியது. செவ்வாயும் வெள்ளியும் யார் உள்ளே போனார்கள் என்று வாசல் பதிவேட்டில் இருந்தது. என் கையெழுத்து.

அந்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு தலைவரின் மேசையில் கிடந்தது. அது அக்காவுக்கும் தெரியும்.

தேநீர் அறைக்கு வந்தார். அண்ணன் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தார். அக்கா எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "அண்ணன் மேல யாரும் வாயத் திறக்காதீங்க. செடிகளைக் கையாண்டதுல தப்பு. நான்தான்."

நான் கலக்கிய தேநீரைக் குடித்து முடித்தேன்.

அதன் பிறகு என்னை மட்டும் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"துணி எங்க?"

"எந்தத் துணிக்கா?"

"படம் எடுக்கறதுக்கு முன்னாடி துடைப்பியே. அது."

எடுத்துவந்து கொடுத்தேன். நீலக் கோடு போட்ட துணி. மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, நான் போய்ச் சொல்லிடறேன்."

"சொல்லு. எப்ப முடியுதோ அப்ப சொல்லு."

அவ்வளவுதான். அவர் என்னைத் தடுக்கவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். சொல்லாதே என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. என்னால் முடியவில்லை. அடுத்த மாதம் வேலை நிரந்தரமானது, முடியவில்லை. பெரிய குடில் வேறு துறைக்குப் போனது, முடியவில்லை. துணைத்தலைவர் பொறுப்புக்கு அவர் பெயர் எழுந்தபோது அந்தக் கட்டுரையைச் சொல்லித்தான் தட்டிக்கழித்தார்கள். அன்றும் நான் அந்த அறையில் இருந்தேன். நாலு ஆண்டுகள். ஒவ்வொரு வாரமும் அவர் பக்கத்தில் நின்று எண்ணியோ வெட்டியோ இருக்கிறேன். பதினைந்துக்குள் ஒரு வாக்கியம் சொல்ல முடியாதா? முடியும். எண்ணிப் பார்த்தேன். ஐந்து நொடிகூட ஆகாது.

இன்றைக்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன், காலையில், பேருந்துக்கு நின்ற இடத்தில் அவர் இதயம் நின்றது. பையில் மதியச் சாப்பாடும் லேபிள் கட்டும் இருந்தன.

மகளே, நீ கேட்டதற்கு இதுதான் பதில். அம்மா தப்பு பண்ணவில்லை. நான் பண்ணினேன். அண்ணன், உங்களிடமும் சொல்ல வேண்டும். சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தவள் நான்தான்.

இதழுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். என் பையில் இருக்கிறது. தலைவர் அவர்களே, ஒரு நகல் உங்களுக்கு. என் வேலை என்ன ஆகும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், நான் வாதாட மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். குடிலின் நடு மேசையில் இருக்கும் நாற்பது செடிகளை எடுத்துவிடாதீர்கள். கட்டுரையைத் திரும்பப் பெற்ற பிறகு அவர் தொடங்கிய வேலை அது. வறட்சியும் தொடுகையும் சேர்ந்து வந்தால் ஆர்க்கிட் எதை முதலில் கவனிக்கிறது என்ற கேள்வி. "நாம கேக்காத கேள்விக்குச் செடி பதில் சொல்லிடுச்சு. மரியாதைக்காவது அந்தக் கேள்விய இப்பக் கேக்கணும்ல" என்பார். அவர் இல்லாத இந்தப் பன்னிரண்டு நாளும் அண்ணன் அளந்து ஊற்றியிருக்கிறார். நாளை இலை வெட்டும் நாள். என்னை உள்ளே விட்டால் நான் வெட்டுகிறேன். விடாவிட்டால் வேறு யார் வெட்டினாலும் வாசலுக்கு வெளியே நின்று எண்ணுகிறேன். அந்த வேலையை நான் முடிப்பேன், அல்லது முடிப்பவருக்கு உதவுவேன். அவர் பெயர் முதலில் வரும். பிழை என்ற இடத்தில் என் பெயர் வரும்.

கடைசியாக ஒன்று. கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட்ட அன்றைய பகல். நான் எதிரில் நின்றிருந்தேன். உறையை ஒட்டினார். கோட்டுப் பையிலிருந்து அந்த நீலக் கோட்டுத் துணியை எடுத்து மேசையில் சிந்தியிருந்த தேநீரைத் துடைத்தார். பிறகு என்னைக் குடிலுக்கு அழைத்துப்போய், அதுவரை யாருக்கும் தராத கத்தரிக்கோலை என் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.