தொண்ணூறு நாள் காற்று

"ஐம்பத்தெட்டு கிலோவா? ஒரு காலைத் தரையில ஊணிக்கிட்டு நிறுத்துப் பாத்தியா?" என்று சுகெங் கத்த, "உங்களை மாதிரி வேலைவெட்டி இல்லாம குந்தியிருந்தா நானும் நூறு கிலோ இருப்பேன்" என்று லஸ்திரி பதிலுக்குக் கத்த, பக்கத்து வீட்டு ஜன்னலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சுரபாயாவில் எங்கள் சந்து அவ்வளவு ஒடுக்கம். ஒரு வீட்டில் டெம்பே பொரித்தால் மூன்று வீட்டில் பசிக்கும். புருஷன் பெண்டாட்டி சண்டையை மட்டும் எப்படிக் கேட்காமல் இருப்பது?

லஸ்திரி ஒரு வாரமாகக் கைபேசியில் ஆயுள் காப்பீடு தேடிக்கொண்டிருந்தாள். கத்திரிக்காய் பொறுக்குவது போல ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து ஒன்றைப் பிடித்திருந்தாள். அதில் எடை கேட்டதால்தான் இந்தச் சண்டை. தனக்கு ஏதாவது ஆனாலும் மகள் வெனிங்கின் மருத்துவச்சிப் படிப்பு நின்றுவிடக் கூடாது. அவளுக்கு அது ஒன்றே கவலை.

வாங்குவதற்குச் செயலி இறக்க வேண்டுமாம். அவள் கைபேசியிலோ இடமில்லை, அத்தனையும் மகள் படம். "மினார் அக்கா, உங்க போன்ல போட்டுக் குடுங்களேன்" என்று வந்தாள். அடுத்தவர் விவரத்தை உட்கார்ந்து படிக்கிற வாய்ப்பை நான் விடுவேனா?

எடையை, உள்ளபடி அறுபத்தெட்டு என்றே போட்டேன். பொய் எனக்கு ஆகாது. நெஞ்சுவலி உண்டா என்று ஒரு கேள்வி. படியேறினால் இங்கே பிடிக்கிறது என்று இடது தோளைத் தொட்டுக் காட்டினாள். டாக்டர் சொன்னாரா என்றேன். டாக்டரை அவள் எங்கே பார்த்தாள்? "அப்ப அது காத்து" என்று சொல்லி, 'இல்லை' என்பதை அழுத்தினேன்.

எங்கள் ஊரில் பாதி நோய்க்குக் காற்று என்றுதான் பெயர். முதுகில் தைலம் தடவி நாணயத்தால் வரிவரியாகச் சுரண்டினால் வெளியேறிவிடும். வரி எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு காற்று. சந்தில் என் கைக்குத்தான் பேர்.

லஸ்திரியின் முதுகு முதல் வாரம் சிவந்தது, மூன்றாம் வாரம் கருத்தது. அரசு மருத்துவமனைக்குப் போய் வரட்டுமா என்று கேட்டாள். பொறுமையாக விளக்கினேன். பாலிசி எடுத்துத் தொண்ணூறு நாளைக்குள் நோயில் போனால் பணம் கிடையாது. அதற்குள் மருத்துவமனைச் சீட்டில் ஒரு வரி விழுந்தாலும் எல்லாம் வீண்.

"உனக்கு நெஞ்சு பெரிசா, பொண்ணு படிப்பு பெரிசா?"

"பொண்ணுதான்க்கா."

அன்றிலிருந்து அடுப்பங்கரை நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துவந்தாள். வியர்த்துக் கொட்டிக்கொண்டு வந்து என் பாயில் குப்புறப் படுப்பாள். இன்னும் கொஞ்ச நாள்தானே என்று நான் சொல்வதற்குள் அவளே சொல்லிவிடுவாள்.

பாலிசி எடுத்த எழுபத்தோராம் நாள் காலை, நாணயம் நடுமுதுகைத் தாண்டும்போது போய்விட்டாள். மிச்ச வரிகளையும் முடித்தேன். பாதியில் விட்டால் முதுகு பார்க்க நன்றாக இருக்காது.

காப்பீட்டிலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். "காத்துதான் சார், எல்லாருக்கும் வர்றதுதான்" என்றேன். எந்த மருத்துவமனையிலும் அவள் பெயர் இல்லை. பணம் சுகெங் பெயருக்கு வந்தது. வாரிசாக மகள் பெயரைத்தான் லஸ்திரி சொல்லியிருந்தாள். சின்னப் பெண்ணுக்கு எதற்கு அந்தப் பாரம் என்று நான்தான் மாற்றிப் போட்டேன்.

எழுபத்தொரு நாளில் எப்படிப் பணம் வந்தது என்று கேட்பீர்கள். செயலியில் முப்பது நாள் என்றுதான் இருந்தது. தொண்ணூறு நான் சொன்னது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் கணவருக்கும் இதே இடது தோள், இதே வியர்வை. அவர் முதுகையும் நான்தான் சுரண்டினேன். முதல் வாரமே கூட்டி வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் அப்போது சொன்னார். ஆகவே லஸ்திரி தோளைத் தொட்டுக் காட்டியபோதே அது காற்று இல்லை என்று எனக்குத் தெரியும். சுகெங்கை எனக்குப் பிடிக்கும் என்பதையும் மறைக்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

லஸ்திரி போன நூறாம் நாள் சோறு போட்டு, சுரோ மாதத்தில் கல்யாணம் ஆகாது என்பதால் அதையும் கழித்துவிட்டு, சுகெங்கும் நானும் மணம் முடித்தோம். முறை தவறக் கூடாது. வந்த பணத்தில் மாடி எடுத்தோம். வெனிங் படிப்பை நிறுத்திவிட்டுத் தைவானுக்குப் போய், யாரோ வயதானவர்களைக் குளிப்பாட்டுகிறாள். போனில் அப்பாவோடு மட்டும்தான் பேச்சு. என்னை ஒருமுறைகூட அம்மா என்று கூப்பிட்டதில்லை. பெற்றவள் பாதியில் விட்டுப்போன பிள்ளை, வேறென்ன எதிர்பார்க்க முடியும்.