இடது பக்கம் டீசல்

அன்று காலை இலஞ்சி விலக்கு டீக்கடையில் தாணு நான்கு ஆமவடை வாங்கினான். எனக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு மூன்றைத் தானே தின்றான். எண்ணெய்க் கையைக் காக்கி டிராயரில் துடைத்துக்கொண்டான். கடைக்காரரிடம், "அண்ணாச்சி, வடைக்கு நடுவுல ஓட்டையக் காணுமே, அந்தக் காசக் கழிச்சிக்கிடலாமா?" என்று கேட்டான். ஆமவடைக்கு எங்கே ஓட்டை இருக்கிறது? ஆனாலும் அவர் சிரித்தார். என் தம்பி எது சொன்னாலும் ஊர் சிரிக்கும்.

ரபீக் பாய், உங்கள் சிறு விவசாயிகள் சங்கம் போடுகிற விழிப்புணர்வுப் புத்தகத்துக்கு ஒரு பக்கம் கேட்டீர்கள். களைக்கொல்லி தெளிக்கிற வண்டியைப் பாதுகாப்பாக எப்படி அமைப்பது, கவனக்குறைவால் என்ன நேரும் என்பதை, தம்பியைப் பறிகொடுத்த என் கையால் எழுதினால் வாசிப்பவர் மனதில் பதியும் என்றீர்கள். நியாயம்தான். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வண்டி. எங்கள் பக்கத்துத் தோப்புகள் சின்னவை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர், மிஞ்சினால் இரண்டு. டிராக்டர் உள்ளே திரும்பாது. கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க இப்போது ஆள் கிடையாது. தாணு பட்டாளத்தில் டிரைவராக இருந்து பென்ஷனோடு வந்த வருஷம், உங்கள் பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பழைய குட்டி யானை வண்டியை வாங்கினோம். ஒரு மாதம் வரைக்கும் அதில் சின்ன வெங்காய வாடை போகவில்லை.

அமைத்தது நான். ஓட்டியது அவன். முந்நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டியைப் பின் அச்சுக்கு நேர் மேலே, தாழ்வாக வைத்து, இரண்டு பெல்ட் போட்டு இறுக்கினேன். உயரத்தில் வைத்தால் வாய்க்கால் கரையில் வண்டி சாய்ந்துவிடும். பின்னால் ஆறு நாசில் கொண்ட குழாய். தோப்பு வாசல்கள் குறுகல் என்பதால் இரண்டு பக்கமும் மடங்குகிற மாதிரி கீல் வைத்தேன். நாசிலைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. மலைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கினால் நம் மருந்து பக்கத்துக்காரன் வாழையில் போய் விழும். அதனால் காலை ஒன்பது மணிக்கு மேல் தெளிப்பதில்லை என்று ஒரு விதி வைத்தேன். முதல் ஓட்டத்துக்கு வெறும் தண்ணீரை ஊற்றி, ஐம்பது மீட்டருக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தேன். தாணு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "அண்ணே, புல்லச் சாவடிக்கிறதுக்கா இம்புட்டுக் கணக்கு? பாகிஸ்தான் பார்டர்லகூட இவ்வளவு பாக்க மாட்டோம்" என்றான்.

கை கழுவுவதற்கென்று இருபத்தைந்து லிட்டர் நல்ல தண்ணீர்த் தொட்டி ஒன்றைத் தனியாக வைத்தேன். அதற்குத் தனிக் குழாய், சோப்பு. தினமும் காலையில் நானே நிரப்புவேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு தகரப்பெட்டி. அதில் இரண்டு வெள்ளைக் கேன்கள். ஒன்றில் பம்பு எஞ்சினுக்கான டீசல், மற்றதில் களைக்கொல்லி. இரண்டும் ஒரே அளவு, ஒரே மூடி. ஏன் என்று நீங்கள் கேட்கலாம். ஆய்வகத்தில் எல்லாப் பாட்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் லேபிளில் இருக்கும். படிக்கத் தெரிந்தவனுக்கு லேபிள் போதும்.

தாணுவுக்குப் படிக்கத் தெரியும். படிக்க மாட்டான். அவனுக்கு இடது பக்கம் டீசல், வலது பக்கம் மருந்து. அவ்வளவுதான். டீசல் கேனில் டியூபை விடுவான், வாயால் ஒரு இழுப்பு இழுப்பான், டீசல் நாக்கைத் தொடுமுன் டியூபை எஞ்சின் தொட்டிக்குள் இறக்கிவிடுவான். பட்டாளத்தில் கற்றுக்கொண்டது. நான் அதற்கென்றே ரப்பர் உருண்டை வைத்த கைப்பம்பு ஒன்று வாங்கிப் பெட்டியில் தொங்கவிட்டிருந்தேன். அவன் அதைத் தொட்டதே இல்லை. வாயால் இழுக்காதே என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதற்கு அவன் மனைவி சங்கரேஸ்வரியே சாட்சி. களைக்கொல்லியோடு வருகிற எச்சரிக்கைத் தாளைச் சாப்பாட்டு நேரத்தில் அவனுக்கு உரக்க வாசித்தும் காட்டியிருக்கிறேன். வாயில் பட்டால் என்ன ஆகும், மூன்றாம் நாள் என்ன ஆகும், அதற்கு மாற்று மருந்து கிடையாது என்பதுவரை. "சோத்துல கைய வைக்கும்போது எதுக்கு அத்தான் இதெல்லாம்" என்று அவள்தான் நிறுத்தினாள்.

இந்த இடத்தில் கடையநல்லூர் மிஸ்ரியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு விஷயமே இல்லை. வரிசை தவறக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மிஸ்ரியாவின் கணவர் சவூதியில் இருக்கிறார். குற்றாலம் போகிற வழியில் அவர்களுக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. சித்திரையில் கோடை மழை பெய்து கோரை மண்டிக் கிடந்தது. நாங்கள் தெளிக்கப் போனோம். காய் வெட்டுகிறவர்கள் இரண்டு பேர் மரத்தடியில் இருந்தார்கள். மிஸ்ரியா என்னிடம் வந்து, "வாத்தியார் சார், எங்க அதீபா பிளஸ் டூ போறா. கெமிஸ்ட்ரின்னா அழுவுதா. நீங்க வாரத்துல ரெண்டு நாள் சொல்லிக் குடுத்தா பெரிய உதவியா இருக்கும்" என்றார். பார்க்கலாம் என்றேன். எங்கிருந்து தொடங்குவது என்று மனதில் ஒரு பாடத்திட்டமும் போட்டுவிட்டேன். தனிம அட்டவணையிலிருந்து தொடங்கலாம் என்று.

தாணு குழாயைச் சுற்றிக்கொண்டே சொன்னான்: "வாத்தியாரா? யக்கா, நல்லா ஏமாந்தீங்க. எங்கண்ணன் லேபுல டெஸ்ட் டியூப் கழுவுனவருல்லா. ஆசிட் பாட்டில்ல லேபிள் ஒட்டுவாரு. அந்தக் கை சும்மா இருக்க மாட்டேங்குது. அதான் வண்டி பூரா ஒட்டி வச்சிருக்காரு. நான் கொஞ்ச நேரம் அசந்து தூங்குனா என் நெத்தியிலயும் ஒட்டிருவாரு."

காய் வெட்டுகிறவர்கள் சிரித்தார்கள். மிஸ்ரியா மரியாதைக்காரர். துப்பட்டியை வாயில் வைத்துக்கொண்டுதான் சிரித்தார்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. முப்பத்தோரு வருஷம் தென்காசியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்தேன். காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போய் மாலையில் வருகிறவனைத் தெரு வாத்தியார் என்று கூப்பிட்டது. நான் வாத்தியார் என்று யாரிடமும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பது உங்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வரும் வழியில் அவன், "என்னண்ணே, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? வெளாட்டுக்குத்தானே சொன்னேன்" என்றான். நான் கோபப்படவில்லை. அடுத்த வாரம் அதீபாவை வேறு டியூஷனில் சேர்த்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அப்போதும் கோபப்படவில்லை. ஆனால் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி அவனுக்கு எதையும் எடுத்துச் சொல்வதில்லை. டெஸ்ட் டியூப் கழுவினவன் சொல்லி அவன் கேட்க வேண்டிய அவசியம் என்ன?

மூன்று வாரம் சொல்லவில்லை. அவனுக்கு அது தெரியவே இல்லை.

வைகாசியில், சாரல் தொடங்குவதற்கு முன், வல்லத்துப் பக்கம் ஒரு எலுமிச்சைத் தோப்பு. வடை தின்ற அன்றுதான். தோப்புக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தார். நாங்கள் இருவர் மட்டும். நான் பின்னால் உட்கார்ந்து நாசில்களை ஊசியால் குத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். தாணு எஞ்சினுக்கு டீசல் ஊற்றப் பெட்டியைத் திறந்தான். அன்று கேன்கள் இடம் மாறி இருந்தன. லேபிள்கள் இரண்டும் சரியாக, வெளிப்பக்கம் பார்த்துத்தான் இருந்தன. நான் என் வாழ்க்கையில் லேபிளைத் தவறாக ஒட்டியதில்லை.

"அண்ணே, அந்த ரப்பர் உருண்டயக் காணும்?" என்று கேட்டான்.

ஒன்றரை வருஷத்தில் அவன் அதைத் தேடியது அன்று ஒருநாள்தான். ஏன் தேடினான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்று வாரமாக நான் எதுவும் எடுத்துச் சொல்லாதது கடைசியில் உறைத்திருக்கலாம். என்னைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்திருக்கலாம்.

"வீட்டுல இருக்கு" என்றேன். "கழுவ எடுத்து வச்சேன்."

"சரி விடுங்க. வாயி இருக்குல்லா."

நான் நாசிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நாசிலில் மண் அடைத்திருந்தது.

அவன் காறித் துப்புகிற சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். ஓடிவந்து நல்ல தண்ணீர்க் குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தான். அந்தத் தொட்டியை அவன் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை. இப்படி ஒரு சமயத்துக்குத்தான் அதை வைத்திருந்தேன்.

"மருந்துண்ணே. எவம்ல மாத்தி வச்சது? தூ... ஒரு வாயி இறங்கிட்டுன்னு நினைக்கேன்."

"லேபிளப் பாக்கலையா?" என்றேன்.

"உங்க லேபிளத் தூக்கிக் குப்பைல போடுங்க" என்று சிரித்தான். அந்த வாயோடும் சிரித்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேட்டேன். இன்னொரு டீ குடிப்போமா என்று கேட்கிற மாதிரிக் கேட்டேன். "இதுக்குப் போயா? பட்டாளத்து ரம்மு இதவிடக் கசப்பு. வேலயப் பாருங்க" என்றான். உன் இஷ்டம் என்றேன். எச்சரிக்கைத் தாளில் கேட்கச் சொல்லி எழுதவில்லை. உடனே கொண்டுபோகச் சொல்லித்தான் எழுதியிருந்தது. ஒன்றேகால் ஏக்கரையும் முடித்தோம். ஒன்பது மணிக்கு முன்பே முடித்தோம்.

மூன்றாம் நாள் வாயெல்லாம் வெந்து சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் சின்ன வயசு. அன்றைக்கே ஏன் கூட்டிவரவில்லை என்று கேட்டார். வர மாட்டேன் என்றான் சார் என்றேன். அதுவும் உண்மை. தாணு படுக்கையிலிருந்து தலையை ஆட்டி எனக்காகச் சாட்சி சொன்னான். ஒன்பதாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றிரண்டு வார்த்தையாக மூச்சை இழுத்து, "வண்டிய... நீங்க ஓட்டாதீங்கண்ணே. ஒங்களுக்கு... கியரு வராது" என்றான். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். பதினோராம் நாள் விடியற்காலையில் போய்விட்டான்.

அவனைத் தவிர எனக்கு யாரும் இல்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்து மூன்று. அவனுக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவன் நான். அழுதேன். நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இன்றும் காலையில் தொட்டியை நிரப்பப் போய்ப் பாதி வழியில் நின்றுவிடுகிறேன்.

சங்கரேஸ்வரி என் காலடியில் விழுந்து, "நீங்க எத்தன தடவ தலையா அடிச்சிக்கிட்டீங்க அத்தான், இந்த மனுசன் கேட்டாரா" என்று அழுதாள். போலீசாரும் அதையேதான் எழுதிக்கொண்டார்கள். நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. கேன்களை மாற்றி வைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதுவது தப்பு என்று பரீட்சைக்கு முன் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். ஆய்வகத்தில் நின்று நானும் கேட்டிருக்கிறேன்.

மாற்றியது நான்தான். முந்தின நாள் மாலை பெட்டியைக் கழுவித் துடைத்து, கேன்களைக் காயவைத்து, திரும்ப வைக்கும்போது மாற்றி வைத்தேன். ரப்பர் உருண்டையை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு தடவை நாக்கில் பட்டுக் குமட்டினால் போதும், லேபிள் படிக்கக் கற்றுக்கொள்வான் என்று நினைத்தேன். இப்படித்தான் ஒரு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். ஆனால் அந்தத் தாளை உரக்க வாசித்தவன் நான். ஒரு வாய் என்ன செய்யும் என்பது அந்த வீட்டிலேயே எனக்குத்தான் மிக நன்றாகத் தெரியும்.

அவன் மீது எனக்குக் கோபம் இருந்ததில்லை. ஒரு பாடம் நடத்தினேன். பாடத்தில் குறை எதுவும் இல்லை.

அவ்வளவுதான், ரபீக் பாய். இதை அச்சில் போடுவீர்களோ, காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுப்பீர்களோ, உங்கள் பாடு. வண்டியைப் பற்றிய அளவுகள் எல்லாம் சரிபார்த்தவை. அவற்றை அப்படியே போடலாம். உங்கள் கடித உறையின் மேல் 'சங்கரநாராயணன், ஆசிரியர் (ஓய்வு)' என்று எழுதியிருந்தீர்கள். கட்டுரைக்குக் கீழேயும் அப்படியே இருக்கட்டும். மாற்ற வேண்டாம்.