இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு

கசெட்டை வெயிலில் வைக்கக் கூடாது, நதீரா. நீ நேற்றுக் கொண்டுவந்ததில் நாடா ஓரிடத்தில் சுருங்கியிருந்தது. நிந்தவூரிலிருந்து பஸ்ஸில் சன்னலோரமாக, மடியில் வைத்துக்கொண்டே வந்திருப்பாய். சரிசெய்து இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன்.

நீ என் கடையில் நின்று கேட்டது இதுதான்: "வாப்பா கடைசிப் பாட்டில ஏன் நடுவில பாடாம விட்டார், சாச்சா? பம்ப் வெறுமையாக் கிடந்ததெண்டு உம்மா இன்னும் சொல்லிச் சொல்லி அழுறா. அது மெய்யா?"

கடையில் ஆட்கள் நின்றார்கள். எழுதித் தருகிறேன் என்றேன். வாயால் சொன்னால் நீ குறுக்கே கேள்வி கேட்பாய். சொல்ல வேண்டிய ஒழுங்கு கெட்டுவிடும்.

உன் வாப்பா அபூசாலியும் நானும் பதினொரு வருஷம் ஒரே மேடையில் நின்றவர்கள். 'கரைவாகு ரொக்கர்ஸ்' என்றால் அப்போது மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் தெரியும். அவர் முன்னால் நின்று எலெக்ரிக் கிற்றாரை வயிற்றில் இடித்துக்கொண்டு கத்திப் பாடுவார். நான் அவருக்குப் பின்னால் இரண்டாவது கிற்றார். ஸ்பீக்கர் அதிர்வில் கார்னிவல் தகரங்கள் கூடச் சேர்ந்து ஆடும். எழுபத்தெட்டுச் சூறாவளியில் அம்ப்ளிபயர்களை வைத்திருந்த கொட்டகை இடிந்தது. குழுவும் அதோடு கலைந்தது. நான் கல்முனையில் பாட்டுக் கசெட் பதிந்து விற்கும் ரெக்கோடிங் பார் போட்டேன். உன் வாப்பா நிந்தவூரில் உன் உம்மா ஜெமீலாவின் வீட்டோடு இருந்து நெல் வியாபாரம் பார்த்தார்.

எண்பத்திரண்டாம் ஆண்டு மாசி மாதம் என்னிடம் வந்தார். தாடியில் நரை விழுந்திருந்தது.

"ஷரிபு, இனி எனக்குக் கத்த ஏலா. சும்மா இரிந்து, கரண்ட் இல்லாத ஒரு பெட்டிக் கிற்றாரோட, ஆக்களோட கதைச்சுக் கதைச்சுப் பாடுவம். நம்மட பழைய பாட்டுகளத்தான். அத அப்பிடியே நீ பதி."

நல்ல யோசனை என்றேன். இரண்டாவது கிற்றாரை நான் வாசிக்கிறேன் என்றும் சொன்னேன்.

"வேணா. கிற்றார் ஒண்டு போதும். நீ மிஷினப் பாரு. மிஷின்ல உன்னப்போல ஆள் இந்தக் கரையில இல்ல."

அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

இடத்தைத் தேர்ந்தவன் நான். மருதமுனையில் என் மைத்துனனின் தறிக்கூடம். சுவர் தடிப்பம். சுற்றிவர அடுக்கியிருந்த நூல்கட்டுகள் எதிரொலியைக் குடித்துவிடும். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு தறிகள் ஓடாது. அப்படியான அறை கொழும்பிலும் கிடைக்காது. உன் வாப்பா மருதமுனையில் நெசவாளர் வீட்டுப் பிள்ளை என்பது உனக்குத் தெரியும். அவர் ஏன் தறியில் உட்காரவில்லை என்பது தெரியுமோ தெரியாது. பஞ்சுத் தூசி பட்டால் அவருக்கு மூச்சு முட்டும். பன்னிரண்டு வயதில் ஒருமுறை நீலம் பாய்ந்து விழுந்திருக்கிறார். அதை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். எனக்கு நினைவிருந்தது. ஒரு நாள், இரண்டு மணித்தியாலம் தானே என்று நினைத்தேன்.

முதல் கிழமை ஒத்திகை பார்த்தோம். பெரியநீலாவணையிலிருந்து நல்லரெத்தினம் தபேலாவோடு வந்தான். கடல் இரைச்சலும் பஸ் சத்தமும் நாடாவில் ஏறக் கூடாதென்று சன்னல்களையெல்லாம் சாத்தினேன். பாட்டுகள் நன்றாக வந்தன. வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால், இடையிடையே ஒரு 'புஸ்' சத்தம். உன் மாமா சவூதியிலிருந்து அனுப்பிய மூச்சு முட்டு மருந்துப் பம்பை உன் வாப்பா வாயில் வைத்து அடிக்கும் சத்தம். ஒரு பாட்டின் ஈரமான கடைசிச் சொல், உடனே சைக்கிள் ரியூப்பில் காற்றுப் போவதுபோல் அது. ஹெட்போனில் கேட்டவனுக்குத்தான் அந்த எரிச்சல் புரியும்.

அவரிடம் சொன்னேன். சிரித்தார். "மூச்சு விடாமப் பாட நான் என்ன மிஷினா?" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் சன்னல்களைச் சாத்தினேன். நாற்பது பேரளவில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். உன் வாப்பா கோட்டைக் கழற்றித் தறிக்கட்டையில் மாட்டிவிட்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். பம்ப் கோட்டுப் பையில் இருந்தது. நான் மைக் வயரை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனபோது அதை எடுத்து என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். களவு என்று அதைச் சொல்ல முடியாது. முதல் பக்கம் முடிந்து கசெட்டைத் திருப்பும்போது கொடுத்துவிடுவது என்பதுதான் என் எண்ணம். அரை மணித்தியாலம். அதைச் சத்தியம் செய்து சொல்வேன்.

முதல் பக்கத்தை நீ எத்தனையோ தரம் கேட்டிருப்பாய். அப்படி ஒரு பாட்டை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மேடையில் குதித்த பாட்டுகளெல்லாம் பாதி வேகத்தில், நண்பனின் தோளில் கைபோட்டுக் கதைப்பதுபோல் வந்தன. ஓரிடத்தில் அடி மறந்துவிட்டு, "நீங்கதான் சொல்லித் தரணும்" என்றார். ஆட்கள் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்கள். வெறுந்தேத்தண்ணீர் குடிக்கும் சத்தம்கூட அழகாக விழுந்திருக்கிறது. குரலில் ஒரு கரகரப்பு ஏறத் தொடங்கியிருந்தது. அது பாட்டுக்குப் பொருந்தியது.

கசெட்டைத் திருப்பினேன். பம்பை எடுக்கச் சட்டைப் பைக்குள் கை போட்டேன். அந்த நேரம் அவர் அடுத்த பாட்டுக்கு முன்னுரை சொல்லிக்கொண்டிருந்தார்: "இது 'உப்புக் காத்து'. இந்த மெட்ட நான் ஒலுவில்ல இருந்து பஸ்ஸில வரக்குள்ள, சும்மா விசிலடிச்சு விசிலடிச்சுக் கட்டினது."

அந்த மெட்டு என்னுடையது. எழுபத்து மூன்றில் சாய்ந்தமருதில் என் வீட்டு முற்றத்தில் இருந்து நான் கட்டினேன். அவருக்கும் அது தெரியும். மறந்திருப்பார். மனிதர்கள் மறப்பார்கள். நான் அதற்காகத்தான் செய்தேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது. மிஷின் ஓடத் தொடங்கிவிட்டது, எழுந்து நடந்தால் சத்தம் விழும், அதனால் கையை வெளியே எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

அதன்பின் மூன்று பாட்டுகள். இரண்டாவதில் அவர் கோட்டை எட்டி எடுத்து ஒவ்வொரு பையாகத் தடவினார். கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டே தேடினார். பிறகு என்னைப் பார்த்தார். தன் வாயைக் காட்டிப் பெருவிரலை அழுத்திக் காட்டினார். நான் விரலால் மிஷினைக் காட்டினேன். பதிவாகிறது என்று அர்த்தம். அவர் தலையசைத்தார். பதினொரு வருஷம் ஒன்றாக வாசித்தவர்களுக்கு இவ்வளவு போதும். அவர் என்னை நம்பினார்.

கடைசிப் பாட்டில் இரண்டாவது அடியோடு குரல் நின்றது. கிற்றார் மட்டும் போனது. ஆட்கள் அதை ஒரு நுட்பம் என்று நினைத்தார்கள். கண்ணை மூடித் தலையாட்டினார்கள். நல்லரெத்தினம் பக்கத்தில் இருந்தவன், அவனுக்குத் தெரிந்துவிட்டது. "அபூசாலி அண்ணன்..." என்று எழும்பப் பார்த்தான். நான் கையால் அமர்த்தினேன். அவன் உட்கார்ந்தான். அந்த மனிதன் பிறகு தபேலாவைத் தொடவேயில்லை. என்னோடு இன்றுவரைக்கும் கதைப்பதுமில்லை. நாடாவில் இன்னும் நாலு நிமிஷம் இருந்தது.

கிற்றார் விழுந்த பிறகுதான் நான் எழுந்தேன். சன்னல்களைத் திறந்ததும் நான்தான். வான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நான்தான். வழியிலேயே முடிந்திருந்தது.

உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். டொக்டர் உள்ளே கடதாசி எழுதிக்கொண்டிருந்தபோது நான் பின்பக்கம் தண்ணீர்த்தாங்கிக்குப் போனேன். பம்ப் என் பையில் இருந்தது. நிறைய மருந்து இருந்தது, குலுக்கினால் தெரியும். அதை முழுக்க அடித்துத் தீர்த்தேன். நீ நினைப்பதைவிட நேரம் பிடிக்கும், பெருவிரல் விறைத்துப்போனது. பிறகு உள்ளே போய் உன் வாப்பாவின் கோட்டுப் பையில் அதை வைத்தேன். உன் உம்மா வந்ததும் நானே அதை எடுத்து அவவின் கையில் கொடுத்தேன்.

"பம்ப் முடிஞ்சி போய்க் கிடந்திரிக்கி, மச்சி. பாக்கல்லயா?" என்று கேட்டேன்.

"காலையில நான்தானே எடுத்து வெச்சன்..." என்றா. இந்த ஏழு வருஷமும் அவ அந்த வசனத்தில்தான் இருக்கிறா என்பது எனக்குத் தெரியும். இரண்டு பெருநாளுக்கும் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். எனக்கு அவதான் பிரியாணி போட்டுத் தருவா. சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் சாப்பாடு முடிந்ததும் சொல்வது என்று இருப்பேன். அவ என்னைப் பார்த்து, "அவர்ர குரல எங்களுக்கு மிச்சம் வெச்சது நீங்கதான்" என்பா. அதன்பின் எப்படிச் சொல்வது?

தண்டனை இல்லாமல் இருந்தேன் என்று நினைக்காதே. கசெட் கொப்பி அடிப்பதென்றால் முழுதும் ஓடவிட வேண்டும். காலையில் கடை திறந்தால் யாராவது அதைக் கேட்டு வருவார்கள். ஒவ்வொரு கொப்பிக்கும் அவர் என் முன்னால் ஒருமுறை சாகிறார். இப்போது மிஷினை நிறுத்திய பின்னும் அந்த மூச்சு நிற்பதில்லை. கடைவீதியில் ஆட்கள் கதைப்பதற்கு இடையில் கேட்கிறது. தொழுகையில் சுஜூதில் தலை வைத்தால் தரைக்குள்ளிருந்து கேட்கிறது. மனைவியிடம் கேட்டேன், அவவுக்கு ஒன்றும் கேட்கவில்லையாம்.

இந்தக் கடிதத்தை நீ யாரிடம் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. முதலில் உன் உம்மாவுக்கு வாசித்துக் காட்டு. அது என் கையெழுத்துத்தான் என்று பொலிசிலும் சொல்வேன்.

ஒன்றை மட்டும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். கடைசி நாலு நிமிஷம் நான் சும்மா இருக்கவில்லை. அவருடைய சத்தம் குறையக் குறைய மிஷினில் சத்த அளவைக் காட்டும் ஊசி கீழே விழுந்துகொண்டிருந்தது. நான் குமிழைப் பிடித்து, மெல்ல மெல்ல, லெவலைக் கூட்டிக்கொண்டே வந்தேன். அதனால்தான் அந்த மூச்சு ஒவ்வொன்றும் உனக்கு இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது, மகள். வேறொருவன் மிஷினில் இருந்திருந்தால் உன் வாப்பாவை நாங்கள் அங்கேயே இழந்திருப்போம்.