அக்காவின் மூக்கு

— மடக்மடக்குன்னு ஊத்திக்காதடா. அது தண்ணி இல்ல. முதல்ல மோந்து பாரு.

— பாத்தாச்சு. ஒயின் வாசனை அடிக்குது. போதுமா?

— ஒயின்ல வேற என்ன வாசனை அடிக்கும்? டம்ளரை ஒரு சுத்து சுத்து. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லு.

— அக்கா, கிடங்கு வாசல்ல ராத்திரி முழுக்கக் கண்ணைத் திறந்து வெச்சிருக்கத்தான் எனக்குச் சம்பளமே. இப்ப மூடினா இங்கயே தூங்கிருவேன்.

— ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தூங்கு.

— விடிஞ்சதும் ஒயின் ஊத்தி உக்கார வெக்கிற அக்கா உலகத்துலயே நீ ஒருத்திதான்.

— உனக்கு இதுதானே சாயங்காலம்? சொல்லுடா.

— எலுமிச்சை. தோலைச் சீவும்போது வருமே, அது. அப்புறம் பச்சை ஆப்பிள், பழுக்காதது.

— பரவால்லயே! பாட்டில்ல ஒட்டியிருக்கறதைப் படிச்சியா?

— படிக்கிற பழக்கம் இருந்தா காலேஜை ஏன் பாதியில விடறேன்? இப்ப நீ சொல்லு.

— புளிப்பு தாடையைப் பிடிச்சு இழுக்குது. இனிப்பு சுத்தமா இல்ல. தொண்டையில லேசா ஒரு சூடு. விழுங்கின உடனே காணாமப் போயிடுது, வாயில நிக்கல. ஆனா இந்த விலைக்கு மோசமில்ல. மீன் வேக வெக்க இது போதும்.

— பிச்சு உதறுறியே! திங்கக்கிழமை ஹோட்டல் வேலைக்குத் திரும்பிப் போறப்ப உங்க செஃப் முன்னாடி இதையே சொல்லு.

— அது நாக்கு சொன்னதுடா. மூக்கை உள்ள விட்டா கண்ணாடி சில்லுன்னு இருக்கு, அவ்வளவுதான். காய்ச்சல் போய் இத்தனை மாசமாகியும் சுவத்தை மோந்து பாக்கற மாதிரியே இருக்கு.

— நான் சொன்ன எலுமிச்சை, ஆப்பிளை அடிச்சு விடு. அந்தாளுக்கு என்ன தெரியப் போகுது?

— அவர் ரெண்டு டம்ளர் வைப்பாரு. ஒண்ணு கெட்டது. எதுன்னு மோந்து பாத்தே சொல்லணும், நாக்குல வெக்க விடமாட்டாரு. லீவுல போய்ட்டு வர்ற எல்லாருக்கும் அவரு அடுப்படியில அதுதான் வழக்கம். தப்பாச் சொன்னா பாத்திரம் கழுவற பக்கம் போகணும்.

— போனா குறைஞ்சா போயிடுவ?

— குறைய மாட்டேன். அழுவேன். சோப்புக் கையோட கண்ணைத் துடைக்கவும் முடியாது.

— சரி சரி, ஆரம்பிக்காத. இன்னொரு பாட்டில் இருக்கு. இதைவிட மலிவு. கடைக்காரனே தூசி தட்டித்தான் குடுத்தான்.

— குடு, நான் திறக்கறேன். டேய்...

— என்ன, மூடி கையைக் கிழிச்சிருச்சா?

— தீக்குச்சி ஏதாவது கிழிச்சியா?

— என் ரெண்டு கையும் உன் எதிர்லதானே இருக்கு.

— குச்சி அணைஞ்ச வாசனை. கூடவே அழுகின முட்டை மாதிரி ஒண்ணு.

— வேணாம்க்கா. போன வாரம் இப்படித்தான் என்னமோ கருகுதுன்னு வீட்டையே புரட்டிப் போட்ட. அடுப்பே பத்த வெக்கல. மூக்கு கொஞ்ச நாள் பொய் சொல்லும்னு டாக்டரம்மா சொன்னாங்க இல்ல?

— அது எந்தப் பக்கம் திரும்பினாலும் அடிச்சுது. இது பாட்டிலைக் கிட்ட கொண்டு வந்தாத்தான் அடிக்குது. தள்ளி வெச்சா இல்ல.

— ஆசைதான் அடிக்குது உனக்கு. அப்புறம் திங்கக்கிழமை அங்க போய் நிக்கும்போது...

— வாயை மூடிக்கிட்டு மூக்கைத் திற. இந்தா. என் மனசு நோகக்கூடாதுன்னு ஆமா போட்ட, தொலைச்சுடுவேன்.

— உன் மனசை நான் என்னைக்குப் பாத்தேன்? குடு இங்க.

— நல்லா இழு. பாட்டில் வாயிலயே மூக்கை வெச்சு இழு.

— இரு, இரு.

— ஏண்டா முழிக்கற? ஒண்ணும் இல்லதானே? சொல்லிடு, பரவால்ல. எனக்குப் பழகிப் போச்சு.

— அக்கா, இதை மனுஷன் குடிப்பானா? அழுகின முட்டை நாத்தமேதான்!