நான்காவது பாட்டின் கடைசி எட்டு விநாடி

இந்த இசைத்தட்டைப் பொறுத்தவரை மோனோவைவிட ஸ்டீரியோதான் மேல் என்பது என் அபிப்பிராயம். நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள், லின். உங்கள் ஹாலிபாக்ஸ் கோஷ்டியும் ஒத்துக்கொள்ளாது. மாதம் ஒருமுறை மதுக்கடை மாடியில் கூடி, ஒரே ஆல்பத்தின் இரண்டு ஒலிக்கலவைகளையும் மாற்றி மாற்றிப் போட்டுச் சண்டை பிடிக்கிறவர்கள் எப்போதும் மோனோ கட்சிதான். அதில் டிரம் நெஞ்சில் இடிக்கும், வாஸ்தவம். ஆனால் ஸ்டீரியோ நான் கலந்தது. மோனோ நான் கலந்ததில்லை.

மரண விசாரணைத் தீர்ப்பிலிருந்து உங்கள் அப்பா பெயரை நீக்க வேண்டும் என்று வாக்குமூலத்தை எழுதியே கொண்டுவந்திருக்கிறீர்கள். கையெழுத்துப் போடுவதற்குமுன் என் வாயாலும் சொல்லிவிடுகிறேன்.

அது 1968, நவம்பர். பிராட்ஃபோர்டில் ஒரு பழைய ஞாயிறு பள்ளிக் கட்டடத்தில் எங்கள் ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது. கிடார் வாசித்துப் பாடிய கிளைவுக்கு இருபது வயது. உங்கள் அப்பா ரெஜ் அவனுடைய இசைக்குழுவின் ஆம்ப்ளிபையர்களைச் சுமந்து, ஒயர் மாட்டி, பழுது பார்ப்பவர். நான் ஒலிப்பதிவாளர். எனக்குப் பாம்புக் காது என்று கிண்டல் செய்வார்கள். "நார்மன் காதுல விழாம தும்மக்கூட முடியாதுடா" என்பான் கிளைவ்.

அன்று கிளைவின் ஆம்ப்ளிபையரில் ஓர் இரைச்சல். உம்மென்று, மெல்லிசாக, அடங்காமல். மற்றவர்களுக்கு அது கேட்கவே இல்லை. எனக்குச் சோற்றில் கல் கடித்த மாதிரி இருந்தது. ரெஜ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மீன் வறுவல் வாங்கி வருவதாக வெளியே போனார். அவர் போனதும் பிளக்கைத் திறந்து எர்த் ஒயரைக் கழற்றினேன். எங்கிருந்து இரைச்சல் வருகிறது என்று பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிவிடுகிறேன் என்று கிளைவிடம் சொன்னேன். இரைச்சல் சுத்தமாகப் போய்விட்டது. எர்த் இல்லாத ஆம்ப்ளிபையரில் கசிவு இருந்தால், கிடாரோடு மைக்கைத் தொடுகிறவன் உடம்பு வழியாகத்தான் மின்சாரம் பாயும். அது எனக்குத் தெரியும்.

நான்காவது பாட்டைப் பாடி முடித்தான். கடைசிச் சுருதி தேய்ந்துகொண்டிருக்கும்போதே மைக்கில் கேட்டான்.

"உதடு சுருக்குனு கடிக்குது, நார்மன். அந்த ஒயரத் திரும்ப மாட்டிட்டீங்கல்ல?"

கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ஒலிபெருக்கி வழியாகப் பதில் சொன்னேன்.

"மாட்டியாச்சுப்பா. இன்னொரு தடவ பாடிடு."

முதல் தடவை பாடியதே போதும். ஆல்பத்தில் இருப்பது அதுதான். மூன்றாவது அடியில் மூச்சு வாங்கியது மட்டும் எனக்கு உறுத்திற்று. இரண்டாம் தடவை பாட அவன் மைக்கைக் கையால் பிடித்தான். அந்தக் கையை அவனால் எடுக்க முடியவில்லை. ரெஜ் பொட்டலங்களோடு கதவைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மெயின் சுவிட்சை அணைத்தது நான்தான். விசாரணையில் அதற்காக என்னைப் பாராட்டினார்கள்.

பிளக்கை மாட்டியவர் ரெஜ். எர்த் ஒயரின் திருகாணியைச் சரியாக முறுக்காமல் விட்டிருக்கலாம் என்று சாட்சி சொன்னேன். 'இருக்கலாம்' என்றுதான் சொன்னேன். நான் விசாரணையில் சாட்சி சொல்லிக்கொண்டிருந்த அன்று, எனக்குப் பதிலாக வேறொருவர் மோனோ கலவையைச் செய்தார். நான்காவது பாட்டின் முடிவில் ஒலியை எட்டு விநாடி தாமதமாக ஒடுக்கியிருக்கிறார். மறுவாரம் ஸ்டீரியோவில் நான் முன்னதாகவே ஒடுக்கினேன். அதற்குள் மோனோ அச்சுக்குப் போய்விட்டது. சுருதிக்கு அடியில் கிளைவின் கேள்வியும் என் பதிலும் மிக மெலிதாகப் பதிவாகியிருக்கின்றன. உங்கள் கோஷ்டியில் ஒருவர் இரண்டின் நீளத்தையும் அளந்து பார்க்கும்வரை, ஐம்பது வருடம் யார் காதிலும் விழவில்லை.

உங்கள் அப்பா அதற்குப் பிறகு ஒரு பிளக்கையும் தொடவில்லை. வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் இங்கே வருவார். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலிதான்.

"நெனச்சு நெனச்சுப் பாக்குறேன் நார்மன். அந்தத் திருகாணிய முறுக்குனேனா இல்லையா? நீங்க பக்கத்துலதான இருந்தீங்க."

பதினோரு வருடம் கேட்டார். பதினோரு வருடமும் தேநீர் ஊற்றிக் கொடுத்து, கை தவறுவது யாருக்கும் நடப்பதுதான், உங்கள்மேல் யாருக்கும் கோபமில்லை என்று சொல்லி அனுப்பினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார். பன்னிரண்டாம் வருடம் வரவில்லை. அவர் உடலைக் கால்வாயில் கண்டெடுத்ததாகச் செய்தித்தாளில் படித்தேன். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அவருக்கு ஆறுதல் சொல்ல என்னைவிட்டால் யார் இருந்தார்கள்?

நேற்று நீங்கள் அந்த மோனோ தட்டை ஆறு தடவை போட்டீர்கள். என்னால் எழுந்து போக முடியவில்லை. கிளைவ் கேட்கிறான். இந்தத் தடவையாவது வேறு பதில் வராதா என்று காத்திருக்கிறேன். ஆறு தடவையும் நான் அதையேதான் சொன்னேன்.

"எங்க அப்பா அத முறுக்கித்தான் வெச்சிருந்தாரு, இல்லையா?" என்று கேட்டீர்கள். ஆமாம், லின். இறுக்கி வைத்திருந்தார். கழற்ற எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

இதோ, கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு சொல்லை மட்டும் அடித்திருக்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். 'மாட்டியாச்சு' என்று நான் சொன்னதைப் 'பொய்' என்று எழுதியிருந்தீர்கள். அது பொய்யில்லை. அந்த இன்னொரு தடவை நன்றாக வந்திருந்தால், ஒயரை மாட்டித்தான் இருப்பேன்.